மூக்கில் எத்தனை கிராம்? கிளைடரைச் சமநிலைக்குக் கொண்டுவரும் முறை

வீசியவுடன் மூக்கு நிமிர்ந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, தொப்பென்று விழுகிற கிளைடரை, அதாவது கையால் வீசிப் பறக்கவிடும் எஞ்சின் இல்லாத சின்ன விமானத்தை, பார்த்ததும் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: “கனம் கூடிவிட்டதா, டீச்சர்?” நான் வாய் திறப்பதற்குள் மூக்கில் ஒட்டியிருக்கும் ஈயத்தைப் பிய்க்கத் தொடங்கிவிடுவார்கள். தலைகீழான வைத்தியம் அது. அப்படி விழும் கிளைடருக்குப் பெரும்பாலும் மூக்கில் இன்னும் கொஞ்சம் எடை தேவைப்படும். மொத்த எடை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அந்த எடை எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். சனிக்கிழமை காலைகளில் எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகளோடு கிளைடர் செய்கிறோம். தெர்மாகோல், மூங்கில் சிம்பு, தென்னை ஈர்க்கு, பட்டக் காகிதம், கொஞ்சம் நெட்டி ஆகியவையே எங்கள் சரக்கு. கிளைடர் செய்வதற்கான படங்களும் அளவுகளும் தேடினால் கிடைத்துவிடும். செய்து முடித்தபின் எடையையும் சமநிலையையும் சரிபார்க்கும் வேலையைத்தான் பலரும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். கிளைடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புவதால், இங்கே அதை மட்டுமே எழுதுகிறேன்.

கணக்குக்கு ஒரே கிளைடரை வைத்துக்கொள்வோம். இறக்கை நுனிக்கு நுனி 900 மி.மீ. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அகலம் எங்கும் ஒரே சீராக 120 மி.மீ. கிடைவால் 260 மி.மீ. நீளம், 65 மி.மீ. அகலம். மூக்கு நுனி, இறக்கையின் முன்விளிம்புக்கு 200 மி.மீ. முன்னால் இருக்கிறது. வால், அதே விளிம்புக்கு ஏறத்தாழ 450 மி.மீ. பின்னால். இனி எல்லா அளவையும் இறக்கையின் முன்விளிம்பிலிருந்தே எடுக்கப் போகிறோம். எந்த இடத்திலிருந்து அளக்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, கடைசிவரை அதை மாற்றாமல் இருப்பது இந்த வேலையின் முதல் ஒழுங்கு.

எந்தக் கோட்டில் நிற்க வேண்டும்?

இப்படிப்பட்ட கிளைடருக்கு ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் ஒரே புள்ளியில் இருப்பதுபோல் கிளைடர் சமநிலையில் நிற்கும் இடம், இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். 120-ல் மூன்றில் ஒன்று 40 மி.மீ. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போய்விடலாம். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டவர்களுக்குக் களத்தில் கை தடுமாறாது.

பறந்துகொண்டிருக்கும் கிளைடரின் மூக்கை ஒரு காற்று திடீரென்று தூக்கிவிடுகிறது என்று வையுங்கள். இறக்கையில் அப்போது கூடுதலாகப் பிறக்கும் ஏற்றுவிசை, இறக்கை அகலத்தின் கால் பங்கில், அதாவது 30 மி.மீ. தூரத்தில் செயல்படும். வாலிலும் கொஞ்சம் கூடுதல் விசை பிறக்கும். வால் சிறியதுதான், ஆனால் வெகுதூரம் பின்னால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே புள்ளியில் செயல்படும் விசையாகக் கணக்கிட்டால், நம் கிளைடரில் அந்தப் புள்ளி முன்விளிம்பிலிருந்து சுமார் 57 மி.மீ. பின்னால் விழுகிறது. அதை நடுநிலைப் புள்ளி என்பார்கள். ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் இருந்தால், அந்தக் கூடுதல் விசை நிமிர்ந்த மூக்கைத் தானே கீழே இறக்கிச் சரிசெய்யும். பின்னால் இருந்தால் நிமிர்ந்த மூக்கை மேலும் நிமிர்த்திக் கவிழ்க்கும். 40-க்கும் 57-க்கும் இடையிலுள்ள 17 மி.மீ.தான் நம் காப்பு. கை தேர்ந்தவர்கள் இந்த இடைவெளியைக் குறைத்துப் பறக்கவிடுவார்கள். தொடங்குகிறவர்கள் 40-ஐ விட வேண்டாம்.

வால் பெரிதானாலோ, பின்னால் தள்ளிப் போனாலோ நடுநிலைப் புள்ளியும் பின்னால் நகரும். குட்டை வால் வைத்தால் முன்னால் வரும். அழகுக்காக வாலைச் சிறிதாக வெட்டிய கிளைடர்களை மூன்றில் ஒரு பங்கு விதியும் காப்பாற்றாது. அவற்றுக்கு வாலை மாற்றுவதுதான் வழி.

எடை போடுவது

பசை காயாமல் எடை போடாதீர்கள். வெள்ளைப் பசையில் கணிசமான பங்கு தண்ணீர். இரவு ஒட்டி, காலையில் எடை போட்டால் வரும் எண்தான் உண்மையான எண். தெர்மாகோலில் உடனே ஒட்டும் பசை வகைகளையும் ரப்பர் சொல்யூஷனையும் தடவினால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். அந்தக் குழியை அடைக்க இன்னும் பசை என்று எடை ஏறிக்கொண்டே போகும்.

தராசு, நகைக்கு எடை போடுகிற சின்ன டிஜிட்டல் தராசாக இருந்தால் நல்லது. 0.1 கிராம் துல்லியம் போதும். எங்கள் தெருவில் நகை வேலை செய்யும் பத்தர், பிள்ளைகள் கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் எடை போட்டுக் கொடுக்கிறார். “மொதல்ல ஃபேனை நிறுத்து தம்பி” என்பதுதான் அவர் சொல்லும் முதல் வார்த்தை. இரண்டு முழ நீள இறக்கையைத் தட்டில் வைத்துவிட்டு மேலே மின்விசிறி சுற்றினால், தராசு காட்டுவதில் எடை எவ்வளவு, காற்று எவ்வளவு என்று பிரிக்க முடியாது. வீட்டுத் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பத்து ரூபாய் நாணயம் போதும். 2011-க்குப் பிறகு வந்த பத்து ரூபாய் நாணயம் ஏறத்தாழ 7.7 கிராம். நான்கைச் சேர்த்து வைத்தால் 31 கிராமை ஒட்டி வர வேண்டும்.

மூக்கில் எடை எதுவும் வைக்காத நம் கிளைடர் 96 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது எங்கே நிற்கிறது?

இறக்கையின் அடிப்பக்கத்தில், உடலுக்கு இருபுறமும், முன்விளிம்பிலிருந்து 40 மி.மீ. தூரத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஸ்கேல் வைத்துப் போடுங்கள். கண்மதிப்பில் போட்ட கோடு எதற்கும் உதவாது.

பலரும் இரண்டு ஆள்காட்டி விரல்களை இறக்கைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். கடைசியாக ஒருமுறை உறுதிப்படுத்த அது சரி. அளப்பதற்குச் சரிப்படாது. விரல் நுனியே ஏறத்தாழ 15 மி.மீ. அகலம், நம் காப்பு முழுவதும் 17 மி.மீ. அழிரப்பர் தலையுள்ள இரண்டு பென்சில்களை ஒரு மரக்கட்டையில் துளைபோட்டு, ஒரு சாண் இடைவெளியில் நிமிர்த்தி நட்டுவையுங்கள். உடலின் மேல் இறக்கை உட்கார்ந்திருக்கும் கிளைடரை நேராகவே அதன்மேல் வைக்கலாம். இறக்கை உடலுக்கு அடியில் இருந்தால் கிளைடரைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். உடலின் கனம் தாங்கும் இடத்துக்குக் கீழே தொங்கினால்தான் கிளைடர் பென்சில்மேல் நிலையாக நிற்கும்.

முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி, உடல் கிடைமட்டமாக நிற்கும் இடத்தைக் குறியுங்கள். மூக்கில் எடை வைக்காத கிளைடர் எப்போதும் பின்னால்தான் நிற்கும். நம்முடையது 75 மி.மீ.யில் நிற்கிறது என்று கொள்வோம். வேண்டியது 40. ஆகவே 35 மி.மீ. முன்னால் கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் பலர் ஈயத்தைத் துண்டு துண்டாக ஒட்டிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம், “இதைக் கணக்கிலேயே கண்டுபிடிக்க முடியாதா டீச்சர்?” என்று கேட்டாள். முடியும். பாடத்தில் வரும் திருப்புத்திறன்தான்: எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். கிராமத்துத் துலாவில் நீண்ட கழியின் ஒரு முனையில் நீர்ச்சாலும் மறுமுனையில் கட்டிய கல்லும் ஒன்றையொன்று தாங்குவது இந்தக் கணக்கில்தான்.

கிளைடர் 96 கிராம், விரும்பும் கோட்டுக்கு 35 மி.மீ. பின்னால் நிற்கிறது. 96-ஐ 35-ஆல் பெருக்கினால் 3,360. மூக்கு எடையை முன்விளிம்புக்கு 190 மி.மீ. முன்னால் வைக்கப் போகிறோம். விரும்பும் கோட்டிலிருந்து பார்த்தால் அது 190 கூட்டல் 40, அதாவது 230 மி.மீ. 3,360-ஐ 230-ஆல் வகுத்தால் 14.6 கிராம். அவ்வளவுதான். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களின் எடைக்குக் கொஞ்சம் குறைவு.

அதே எடையை மூக்கு நுனியில் வைக்காமல், இடம் வசதியாக இருக்கிறதே என்று முன்விளிம்புக்கு 100 மி.மீ. முன்னால் வைத்தால் தூரம் 140 மி.மீ. ஆகிவிடும். அப்போது 24 கிராம் வேண்டும். வைக்கும் இடம் மாறியதற்காக மட்டும் ஒன்பது கிராமுக்கு மேல் கூடுதலாகச் சுமக்கிறோம்.

முதல் சோதனைக்கு நாணயங்களை டேப் போட்டு ஒட்டிப் பார்க்கலாம். நிலையான எடைக்கு மீன்வலையில் கோர்க்கும் ஈயக்குண்டு ஏற்றது. நாகப்பட்டினம் பக்கம் வலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. வீட்டில் அடுப்பில் வைத்து உருக்குவது வேண்டவே வேண்டாம். அந்தப் புகை பிள்ளைகளுக்கு நஞ்சு. தேவையான எடை கிடைக்கும்வரை குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி நறுக்கிக்கொள்ளலாம்.

வாய்க்கால் களிமண்ணை உருட்டி மூக்கில் அப்புகிற பழக்கம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உண்டு. நம் மண் நன்றாக ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஈரக் களிமண்ணில் இருக்கும் தண்ணீர் வெயிலில் போய்விடும். காலை ஆறரைக்குச் சரியாக நின்ற கிளைடர் ஒன்பது மணிக்கு வால் கனத்துப் போயிருக்கும். கைக்கு வேறொன்றும் கிடைக்காதபோது மட்டும் களிமண்; வீட்டுக்கு வந்ததும் ஈயம்.

வாலில் ஒரு கிராம்

நம் கிளைடரில் வால், விரும்பும் கோட்டுக்கு 410 மி.மீ. பின்னால் இருக்கிறது, மூக்கு எடை 230 மி.மீ. முன்னால். ஆகவே வாலில் ஒரு கிராம் கூடினால் அதற்கு ஈடாக மூக்கில் 1.8 கிராம் வைக்க வேண்டும். மொத்தத்தில் 2.8 கிராம் ஏறிவிடுகிறது. திருப்பிப் பார்த்தால், வாலில் குறைக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் 2.8 கிராம் லாபம். எனவே எடையைக் குறைக்க விரும்புகிறவர்கள் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். இறக்கையின் நடுப்பகுதியைச் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்குவதில் வலிமைதான் போகும். அந்த இடம் ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சமநிலை பெரிதாக மாறாது.

வாலுக்கு எனக்குப் பிடித்த பொருள் நெட்டி. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயில் உருவத்தைச் செதுக்குகிற அதே நெட்டிதான். நீர்நிலைகளில் வளரும் செடியின் தண்டுச் சோறு அது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. புதிய பிளேடால் ஒரே இழுப்பில் சீவினால் மெல்லிய தகடாக வரும். மொட்டை பிளேடால் சீவினால் பொடியும். தனியாக வளைவைத் தாங்காது என்பதால் விளிம்பில் ஓர் ஈர்க்கை ஒட்டிவிடுங்கள். ஈர்க்கையும் நுனிப்பக்கம் மெலிந்த துண்டாகத் தேர்ந்தெடுங்கள்.

நெட்டியும் காகிதமும் மூங்கிலும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு மாதம் பரணில் கிடந்த கிளைடரை எடுத்து அப்படியே வீசாதீர்கள். வால் ஈரம் குடித்துக் கனத்திருக்கும். மறுபடியும் பென்சில்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இடவலச் சமநிலைக்குச் சுருக்கமான வழி உண்டு. மூக்கு நுனியையும் வால் நுனியையும் இரண்டு பேர் நூலில் தொங்கவிட்டுப் பிடித்தால், கனமான இறக்கை கீழே இறங்கும். எதிர் இறக்கையின் நுனியில் ஒரு குண்டூசி அல்லது சின்ன ஈயத் துணுக்கு வைத்தால் சரியாகிவிடும். ஒரு பக்கம் பசை கூடுதலாகத் தடவியதுதான் வழக்கமான காரணம். இறக்கை முறுக்கிக்கொண்டிருந்தாலும் கிளைடர் ஒரு பக்கம் சாயும். அதை எடையால் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. முறுக்கைத்தான் நிமிர்த்த வேண்டும்.

களத்துக்குப் போகுமுன்

காவிரி டெல்டாவில் வயலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த வயலில், எந்த மாதத்தில் என்று தெரிந்திருக்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் வெறும் நெல்தாள் நிற்கும் வயலைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். அறுப்புக்குச் சில நாள் முன்னாலேயே உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டு நிற்கும் அந்தப் பயிரின்மேல் பத்துப் பிள்ளைகள் ஓடினால் ஒரு குடும்பத்தின் வரும்படி போய்விடும். வயல்காரரிடம் கேட்டுவிட்டு, தெளிக்காத தரிசில் மட்டும் இறங்குங்கள். “பெரியப்பா, இந்தப் பக்கம் உளுந்து தெளித்திருக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டு இறங்கும் பிள்ளையை யாரும் விரட்ட மாட்டார்கள்.

சித்திரை, வைகாசியில் கொள்ளிடத்து மணல் விரிந்து கிடக்கும். இறங்குவதற்கு மெத்தென்ற தரை. ஆனாலும் மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி ஆழம் தெரியாமல் இருக்கும். பெரியவர்கள் துணையில்லாமல் பிள்ளைகளை அங்கே அனுப்பவே கூடாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் பருவத்தில் ஆற்றுக்குள் இறங்கும் பேச்சே வேண்டாம். ஆடிக் காற்றில் கையெறி கிளைடரைச் சோதிக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்த மேற்குக் காற்றில் எது கிளைடரின் குணம், எது காற்றின் வேலை என்று பிரித்தறிய முடியாது.

நேரம், சூரியன் எழுந்ததிலிருந்து ஏழரை மணி வரை. அதற்குப் பிறகு தரை சூடேறி வெப்பக்காற்று எழும்; பிற்பகலில் கடற்காற்று வந்துவிடும். பறப்பதற்கு அவை இன்பம். சமநிலையைச் சோதிக்க இலை அசையாத காலைதான் வேண்டும்.

வீசுவதும் திருத்துவதும்

வீசுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இறக்கையின் கோட்டோடு ஒப்பிட வாலின் பின்விளிம்பு சற்று மேலே இருக்க வேண்டும். 65 மி.மீ. அகல வாலில் 3 மி.மீ. உயரம், ஏறக்குறைய இரண்டரை டிகிரி. முன்னால் கனக்கும் மூக்கை, வால் பின்னால் சற்றுக் கீழே அழுத்தித் தாங்குவதற்காக இந்தச் சாய்வு.

ஒரு காலை மண்டியிட்டு, ஈர்ப்பு மையத்துக்கு அடியில் உடலைப் பிடித்து, காற்று வரும் திசையைப் பார்த்து, பதினைந்து அடிக்கு அப்பால் தரையில் ஒரு புள்ளியை நோக்கித் தள்ளிவிடுங்கள். மேல்நோக்கி எறிவது கூடவே கூடாது. கிளைடருக்கு எஞ்சின் இல்லை. தன் எடையைச் சாய்வில் இறக்கித்தான் வேகத்தைப் பெறுகிறது. நம் கை கொடுக்க வேண்டியது அந்தச் சாய்வின் தொடக்கத்தை மட்டுமே. நம் அளவுக் கிளைடர் நொடிக்கு 5 மீட்டரையொட்டிய வேகத்தில் பறக்கும். வேகமாக நடக்கும் ஒருவரின் வேகத்தைப் போல மூன்று மடங்கு.

மேலும் கீழும் ஆடாமல் சீராக இறங்கினால் நல்லது. மூக்கு நிமிர்ந்து, நின்று, விழுந்து, மறுபடி நிமிர்ந்தால், முதலில் ஈர்ப்பு மையம் இன்னும் 40-ல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கிய அதிர்ச்சியில் ஈயம் கழன்றிருக்கலாம். மையம் சரியாக இருந்தால் ஈயத்தைத் தொடாதீர்கள். வாலின் பின்விளிம்பை அரை மி.மீ. இறக்குங்கள். நேராகத் தரையைக் குத்தினால், அதே விளிம்பை அரை மி.மீ. ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். ஈயத்தையும் வாலையும் சேர்த்து மாற்றியவர்களுக்கு, கிளைடர் சரியான பிறகும் ஏன் சரியானது என்று தெரியாது. அடுத்த கிளைடரில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, எடை சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று கிளைடரையே கேட்கும் சோதனை. சீராக இறங்குமளவுக்கு வாலைச் சரிசெய்தபின், வழக்கத்தைவிட வேகமாகவும் கொஞ்சம் கூடுதலாகக் கீழ்நோக்கியும் வீசுங்கள். நின்றபடி தோள் உயரத்திலிருந்து, கீழே புல்லோ மணலோ இருக்கும் இடத்தில் செய்யுங்கள். மெதுவாகத் தானே நிமிர்ந்து பழைய சாய்வுக்கு வந்தால் எதையும் மாற்ற வேண்டாம். வெடுக்கென்று நிமிர்ந்து மேலே பாய்ந்தால், மையம் தேவைக்கு மேல் முன்னால் இருக்கிறது. அந்த மூக்குக் கனத்தை வாலின் சாய்வு இழுத்துப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு கிராம் ஈயத்தை எடுத்துவிட்டு வாலின் பின்விளிம்பையும் அதற்கேற்ப இறக்குங்கள். நிமிராமல் அதே சாய்விலோ அதைவிடச் செங்குத்தாகவோ போனால், மையம் பின்னால் போய்விட்டது. மூக்கில் எடையைக் கூட்டி, வாலின் பின்விளிம்பைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இந்த மூன்றாவது நிலையில் இருக்கும் கிளைடர் இதமான காலையில் அழகாகவே பறக்கும். அதனால்தான் அது ஆபத்தானது.

கனம் கூடிவிட்டதா என்று கேட்ட பிள்ளைகளுக்கு இப்போது பதில் சொல்லலாம். 96 கிராம் கிளைடர் ஈயத்தோடு 110.6 கிராம் ஆனது. எடை கூடினால் கிளைடர் இறங்கும் சாய்வு அநேகமாக மாறாது. அதே சாய்வில் வேகமாக இறங்கும். எடை இரட்டிப்பானால் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். போட்டிகளில் பறக்கும் பெரிய கிளைடர்கள் இதற்காகவே இறக்கைக்குள் 150 லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போகின்றன, தரையிறங்குமுன் திறந்துவிடுகின்றன. தண்ணீரால் மையம் முன்னால் நகர்ந்துவிடாதிருக்கச் சிலவற்றில் வாலிலும் ஒரு சின்னத் தொட்டி உண்டு. சரியான இடத்தில் இருக்கும் பதினைந்து கிராம் ஈயத்துக்காக யாரும் வருந்த வேண்டாம்.

ஆள் ஏறும் கிளைடரில்

ஜெர்மனியின் ஒட்டோ லிலியெந்தால் தன் கிளைடர்களில் கைகளால் தொங்கியபடி, கால்களை முன்னும் பின்னும் வீசித் தன் உடலின் எடையையே நகர்த்தித்தான் திசையையும் சமநிலையையும் கட்டுப்படுத்தினார். 1896 ஆகஸ்ட் 9 அன்று மூக்கு நிமிர்ந்து வேகம் இழந்த கிளைடரை அந்த உடலசைவால் மீட்க முடியவில்லை. விழுந்து முதுகெலும்பு முறிந்து, மறுநாள் இறந்தார். இன்றைய கிளைடரில் சமநிலையை விமானி நகர்ந்து சரிசெய்ய முடியாது. ஏறுவதற்கு முன்பே கணக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும்.

கணக்கு, நாம் போட்ட அதே கணக்குதான். இருவர் ஒருவர்பின் ஒருவராக உட்காரும் ஒரு கிளைடரை, எளிய எண்களோடு, உதாரணத்துக்காக எடுத்துக்கொள்வோம். வெற்று எடை 370 கிலோ. அதன் மையம் இறக்கை முன்விளிம்புக்கு 0.74 மீட்டர் பின்னால். முன் இருக்கை விளிம்புக்கு 1.2 மீட்டர் முன்னால். பின் இருக்கை 0.1 மீட்டர் முன்னால். மையம் 0.23-க்கும் 0.47-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது தயாரித்தவர்கள் விதித்த எல்லை.

வெற்றுக் கிளைடரின் திருப்புத்திறன் 273.8. முன் இருக்கையில் 75 கிலோ, பின்னால் 80 கிலோ அமர்ந்தால், இருவரும் விளிம்புக்கு முன்னால் இருப்பதால் 90-ஐயும் 8-ஐயும் கழிக்க வேண்டும். மீதி 175.8, மொத்த எடை 525 கிலோ, வகுத்தால் 0.335 மீட்டர். எல்லைக்கு நடுவே வசதியாக இருக்கிறது. இப்போது 50 கிலோ எடையுள்ள மாணவி தனியாகப் பறக்கப் போகிறாள். 60-ஐக் கழித்தால் 213.8, மொத்தம் 420, வகுத்தால் 0.509. எல்லைக்குப் பின்னால் போய்விட்டது. பறக்கக் கூடாது. அவள் காலுக்கு முன்னே, விளிம்பிலிருந்து 1.7 மீட்டர் தூரத்தில், 10 கிலோ ஈயத் தகட்டைத் திருகி இறுக்கினால் இன்னொரு 17 கழியும். 196.8-ஐ 430-ஆல் வகுத்தால் 0.458. இப்போது ஏறலாம். பின் இருக்கை மையத்துக்கு அருகிலேயே இருப்பதால் அங்கே இருப்பவரின் எடை எவ்வளவு குறைவாக மாற்றுகிறது என்பதையும் இதில் பார்க்கலாம். தனியாகப் பறப்பவர் முன் இருக்கையில் அமர்வது இதனால்தான். இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்டு 1961-ல் முதன்முதலாகப் பறந்த ரோகிணி கிளைடரில் இருவரும் அருகருகே உட்கார்வார்கள். அந்த அமைப்பில் இரண்டாவது ஆள் இறங்கியவுடன் அவருடைய எடை முழுவதும் மையத்துக்கு முன்னாலிருந்து கழிந்துவிடும்.

ஒவ்வொரு கிளைடரின் விமானி அறையிலும் முன் இருக்கைக்கான குறைந்தபட்ச எடையும் அதிகபட்ச எடையும் எழுதிய தகடு இருக்கும். 70 கிலோ குறைந்தபட்சம் என்பது பயிற்சிக் கிளைடர்களில் சாதாரணமாகக் காணும் எண். நம் பக்கத்துப் பதினேழு வயதுப் பிள்ளைகளில் பலர் அதைத் தொடமாட்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈயத் தகடு இருப்பதே அதற்குத்தான். கிளைடிங் கற்கப் போகும் பிள்ளைகள், எடை கேட்கும்போது போன வருடம் பள்ளியில் எழுதிய எண்ணைச் சொல்ல வேண்டாம். அன்று காலை, பறக்கப் போகும் உடையோடும் காலணியோடும் தராசில் ஏறிப் பாருங்கள். முதுகில் கட்டும் பாராசூட்டும் இருக்கைச் சுமையில் சேரும். அதன் எடையைத் தனியாகப் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். தகடு எத்தனை வைத்தார்கள், எப்படி இறுக்கினார்கள் என்பதை நீங்களே குனிந்து பாருங்கள். உங்களுக்கு முன் பறந்தவர் 80 கிலோ என்றால் தகடு ஒன்றுகூட அங்கே இருக்காது.

பைகள், தண்ணீர் பாட்டில், கேமரா ஆகியவற்றைப் பயிற்சி ஆசிரியரிடம் சொல்லாமல் உள்ளே கொண்டுபோகாதீர்கள். இருக்கைக்குப் பின்னே கட்டாமல் வைத்த பொருள், கிளைடர் மூக்கை நிமிர்த்தும்போது இன்னும் பின்னால் உருளும். தரையில் நீங்கள் போட்ட கணக்கில் அது இருக்காது.